பவழந்துறைக் கப்பக்காரி எங்கே?

பவழந்துறை,
17.3.2025

பத்மாம்பாளுக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்தது நான்தான். பேசினால் நீ பதிவு செய்து வைத்துக்கொள்வாயோ என்று இப்போது தோன்றுகிறது. திண்டிவனத்தில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள் நாம். அப்போதெல்லாம் உன்னைப் பற்றி இப்படித் தோன்றியதே இல்லை.

கப்பக்காரி சிலையைக் காணோம். மாசி மகத்தன்று காலையில் நூலகம் திறக்கப் போகும்போது மேட்டில் இருந்தாள். யாரோ மஞ்சள் துணி சாத்தியிருந்தார்கள். மறுநாள் போனால் அந்த இடத்தில் வெறும் மணல். பள்ளம் கூட இல்லை, நிரவிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன கார்த்திகைப் புயலில் மேடு சரிந்து, இடுப்புவரை புதைந்திருந்தவள் முழுசாக வெளியே வந்தாளே, அன்று உன்னை ஓடி வரச் சொன்னவள் நான். ‘நம் புத்தகம் முடியும்வரை படம் யாருக்கும் போகக் கூடாது’ என்று சொன்னவள் நீ. இரண்டு வருடமாக நான் தெருத் தெருவாகக் கதை கேட்டேன், நீ கல்வெட்டும் பானை ஓடும் பார்த்தாய். இரண்டையும் சேர்த்துப் பவழந்துறைக்கு ஒரு புத்தகம் என்று பேச்சு. ஆனால் மாசி பிறக்கும்போது உன் பெயர் மட்டும் போட்டு ஒரு மாத இதழில் கட்டுரை வருகிறது. ‘பவழந்துறை தருமதேவி’ என்று தலைப்பு. கூடவே படம், வழி.

ஊரில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் ஒன்றையே கேட்கிறார்கள். “உன் சிநேகிதி தான எழுதுனாங்க? இது அவங்க சாமியாமே?” நான் என்ன சொல்ல?

இன்னொன்று. மாசி மகத்தன்று மத்தியானம் உன் அண்ணன் சுமதிகுமாரின் குட்டியானை வண்டி மேட்டுப் பக்கம் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கடலை மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததாம். மல்லாட்டை மூட்டைக்கு எதற்குத் தார்ப்பாய்? மழையா பெய்தது?

பதில் எழுது. கையால் எழுது.

தையல்நாயகி


திண்டிவனம்,
21.3.2025

தையல்நாயகிக்கு,

கையால்தான் எழுதுகிறேன். பள்ளியில் இறுதித் தேர்வு நேரம். இதற்கு இடையில் நான் ஒரு சிலையைத் திருடியிருக்கிறேன் என்று நீ கண்டுபிடித்திருக்கிறாய்.

கட்டுரை விஷயத்தில் உன்னிடம் சொல்லாமல் அனுப்பியது தவறு. சொல்லியிருந்தால் நீ ‘கப்பக்காரி’ என்றுதான் தலைப்பு வைக்க வேண்டும் என்பாய். என்னால் முடியாது. மண்ணுக்குள் அவள் காலடியில் ஓடம் இருக்கிறது என்று உங்கள் ஊர் சொல்லிவந்தது. புயலுக்குப் பிறகு முழுசாகத் தெரிகிறது, அது தேய்ந்துபோன சிங்கம். பக்கத்தில் இரண்டு குழந்தைகள். சமண வீட்டில் பிறந்த நாளிலிருந்து நான் கும்பிடுகிற முகம் அது. கண்ணால் பார்த்ததை வேறு பெயரில் எழுத எனக்கு வராது.

அண்ணன் வண்டி வந்தது உண்மை. உங்கள் ஊரில் வருடா வருடம் மல்லாட்டை எடுக்கிறார். கடற்கரையில் மாசி மகக் கூட்டம், மேட்டுப் பக்கம்தான் வண்டி நிறுத்த இடம். தார்ப்பாய் எதற்கு என்று அவரிடமே கேள்.

இப்போது நான் கேட்கிறேன். கப்பக்காரி மேட்டை ஒட்டிய சவுக்குத் தோப்பு உன்னுடையதும் உன் தம்பி செல்வகுமாருடையதும். அதைக் கடற்கரை விடுதி கட்ட வாங்கிக்கொள்ளத் தரகர் வேங்கடேசன் நடையாய் நடக்கிறார். “அந்தக் கல்லு இருக்கிறவரைக்கும் ஒருத்தனும் எடத்துல கை வெக்க மாட்டான்” என்று உன் தம்பி சொன்னதாகப் பொங்கலுக்கு நீயே என்னிடம் சொன்னாய். இப்போது கல் இல்லை. யாருக்கு லாபம்?

ஆயிரம் வருடத்துச் சிலை காணாமல் போனால் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார முடியாது. காவல் நிலையத்திலும் தொல்லியல் அலுவலகத்திலும் மனு கொடுத்துவிட்டேன். தெரிந்ததை எழுதியிருக்கிறேன். யாரையும் விட்டுவைக்கவில்லை, என் அண்ணன் வண்டியையும் சேர்த்துத்தான்.

பத்மாம்பாள்


பவழந்துறை,
29.3.2025

பத்மா,

நேற்று செல்வகுமாரை நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனவனை இருட்டுகிற வரை பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள். அடிக்கவில்லை. அந்த வழியாகப் போன ஊர்க்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அது போதாதா?

வந்தவன் சாப்பிடவில்லை. என் முகத்தையே பார்த்தான். “அக்கா, தோப்பு விஷயத்த உன் சிநேகிதி மனுவுல எழுதியிருக்காங்க. நான் ஊட்ல பேசினது அவங்களுக்கு எப்டி தெரிஞ்சிது?” என்றான். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

அவன் மனைவி ரோஜாதான் ஆச்சரியம். புருஷனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, அவள் பாட்டுக்கு மல்லாட்டைக் கொடியில் காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். “வந்துடுவாரு அண்ணி. செய்யாதவனுக்கு என்னா பயம்?” என்றாள். எனக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. உன் கட்டுரை வந்த பிறகு, மாசி மகத்துக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேர். வெளியூர்ப் பேச்சு. கப்பக்காரியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். உப்பளத்திலிருந்து வந்துகொண்டிருந்த சின்னக்கண்ணு அம்மாவிடம் ஒருத்தன், “இது எவ்வளவு வெயிட் இருக்கும்மா?” என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா, “சாமிய எவன்யா நிறுத்துப் பாப்பான்?” என்று கூடையை இறக்காமலே திட்டி அனுப்பிவிட்டார். அவர்கள் கையில் உன் கட்டுரை இருந்தது.

நான் சேர்த்த கதைகள் நினைவிருக்கிறதா? மீன்காரத் தெருவில் ஒன்று சொல்கிறார்கள். அவள் கப்பல் வியாபாரியின் பெண்டாட்டி, போன கப்பல் திரும்பும்வரை மேட்டில் விளக்கோடு நின்றாள், கொள்ளைக்காரர்கள் கடல் வழியாக வந்தபோது ஊரை ஓடச் சொல்லிவிட்டு அவள் மண்ணுக்குள் போனாள். எங்கள் தெருவில், குதிரைப் படை வந்தபோது போனாள் என்கிறார்கள். உப்பளத்தில் கேட்டால் வெள்ளைக்காரன் சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்ட மேட்டை அளந்தபோதாம். எல்லாக் கதையிலும் ஒரு முடிவுதான். ஆகாதவன் கண் பட்டால் அவள் மண்ணுக்குள் போய்விடுவாள், அவன் போனதும் வருவாள்.

நீ இதையெல்லாம் புத்தகத்தில் பின்னிணைப்பாகப் போடலாம் என்றாய். வரலாறு முன்னால், கதை பின்னால். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தையல்


திண்டிவனம்,
3.4.2025

தையல்,

உன் தம்பியைப் பெஞ்சில் உட்காரவைத்ததைப் படித்துவிட்டு அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நீ என்னிடம் வெள்ளைக் காரைப் பற்றி ஏன் அப்போதே சொல்லவில்லை? என்மேல் கோபம் இருந்தது, சரி. சிலைமேலுமா?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வல்லத்தில் அண்ணன் கிட்டங்கிக்குப் போனேன். எதற்கு வந்தாய் என்றார். சும்மா என்றேன். அவர் டீ வாங்கிவரப் போன நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். கல் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையில் டீ டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது.

“என்னாம்மா தேடறே?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “நம்ம ஜனம் திங்கிற கிழங்கையே பூச்சி சாவும்னு வேணாங்குது. ஊரான் கும்புடுற சாமியத் தூக்கிக்கினு வந்து நான் எங்க வெப்பேன்?” என்றார். தார்ப்பாய், கூட்டேரிப்பட்டு வழியில் குரங்கு ஏறி மூட்டையைக் கிழிக்கிறது என்று போட்டதாம். டீயை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் குடிக்காமல் போனார். பிறகு போன் எடுக்கவில்லை.

ஆக நம் இரண்டு பேர் வீட்டிலும் பேச்சு நின்றிருக்கிறது.

அந்தக் காரின் எண்ணை யாராவது பார்த்தார்களா? அதையும் மனுவில் சேர்க்கிறேன். தொல்லியல் அலுவலகத்திலிருந்து மே மாதம் நேரில் விசாரிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பத்மா


பவழந்துறை,
12.4.2025

பத்மா,

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். காரணம் கேட்காதே.

கார் எண்ணும் வேண்டாம். செல்வகுமார் எடுக்கவில்லை, உன் அண்ணன் எடுக்கவில்லை, அந்தக் கார்க்காரர்களும் எடுக்கவில்லை. இதற்கு மேல் நான் எழுத முடியாது.

தையல்


திண்டிவனம்,
16.4.2025

தையல்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்து வரியில் நீ எனக்கு எழுதியதே இல்லை. கேப்பைக் கூழுக்கு உப்பு போட மறந்ததைக் கூட ஒரு பக்கம் எழுதுகிறவள் நீ.

யார் எடுக்கவில்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்றால், யார் எடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை என்றால், அது உன் வீட்டு ஆள். செல்வகுமார் விற்றுவிட்டான், நீ மூடுகிறாய். இதைத்தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றவைக்க முடிந்தால் நீ தோன்றவை.

அந்தச் சிலை அருங்காட்சியகத்தில் பூட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நான் அதற்குத்தான் எழுதினேன், பேர் வாங்க அல்ல. இந்நேரம் அது எந்த நாட்டில் எவன் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறதோ.

மனுவைத் திரும்பப் பெற மாட்டேன்.

பத்மாம்பாள்


பவழந்துறை,
20.4.2025

பத்மா,

நீ இப்படித்தான் எழுதுவாய் என்று ரோஜாவிடம் சொன்னேன். “அப்ப வரச் சொல்லுங்க அண்ணி, மூஞ்சியப் பாத்துப் பேசணும்” என்றாள்.

நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்ப் புத்தாண்டுக்கு வீடு மெழுக நாங்கள் மண் எடுக்கப் போனபோது, மேட்டுக்கு நேராக வந்ததும் நான் அழுதுவிட்டேன். ரோஜா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அழாதீங்க. அவள எவனும் தூக்கல. அவளே போனா” என்றாள். சொன்னவள் சிரிக்கவில்லை. அவள் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்த கொப்புளங்கள். கொடி ஆய்கிற கைக்கு அப்படி வராது, மண்வெட்டி பிடித்தால்தான் வரும்.

எனக்கும் சொல்லவில்லை, பத்மா. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்க நல்லவங்கதான். ஆனா எழுதிப்புடுவீங்களே” என்றாள். நான் கதை சேர்த்த நோட்டும் உன் கட்டுரையும் அவளுக்கு ஒன்றுதான். புருஷன் போலீஸில் உட்கார்ந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. படம் எடுக்காதே. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா, இது ரோஜா போட்ட நிபந்தனை. நீ பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவள் என்று தெரியும், வேர்க்கிழங்கு போடாமல் தனியாகச் சமைத்து வைக்கிறேன்.

வந்த பிறகும் மனுவைத் திரும்பப் பெறவில்லை என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தையல்


திண்டிவனம்,
30.4.2025

தையல்,

வந்து மூன்று நாளாகிறது. எழுத உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கொல்லையில் மல்லாட்டைக் கொடி குவித்த போரை ரோஜாவும் அவளோடு சேர்ந்த பெண்களும் பிரித்தார்கள். அடியில் மணல், மணலில் புதுப் பாய், பாயில் அவள். ஒரு கீறல் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பானை ஓட்டைக் கூட அவ்வளவு பதமாகச் சுற்றியதில்லை. வெள்ளைக் காருக்குப் பயந்து, மாசி மகத்தன்று ஊரே தீர்த்தவாரிக்குக் கடலில் நின்றபோது, நல்ல வெயிலில், தலையில் கொடிக்கட்டு சுமந்தவர்களுக்கு நடுவே இவளையும் கொடியால் மூடித் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்களாம். என் அண்ணன் வண்டியைக் கடந்துதான் போனார்களாம். அவரே ஒதுங்கி வழி விட்டாராம். அவரிடம் நான் போய்க் காலில் விழ வேண்டும்.

ரோஜா என்னைக் கேட்டாளே, நீ பக்கத்தில்தான் இருந்தாய்.

“இப்ப நேர்ல பாருங்க. யாரு இவ?”

அத்தனை பெண்கள் சுற்றி நின்றார்கள். கப்பக்காரி என்று சொல்லியிருந்தால் எல்லாரும் குளிர்ந்திருப்பார்கள். நான் தருமதேவி என்றேன். என் வாய் அதைத்தான் சொன்னது. சின்னக்கண்ணு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோஜாதான் சிரித்தாள். “சரி, இருக்கட்டும். அவங்களும் கப்பல்ல தான வந்திருப்பாங்க” என்றாள். அப்படியும் இருக்கலாம். உங்கள் ஊர் அந்தக் காலத்துத் துறைமுகம்தானே.

அதே ரோஜா நான் கிளம்பும்போது சொன்னதும் காதில் நிற்கிறது. “நீங்க பொய் சொல்லல. அது புடிச்சிருக்கு. அதுதான் பயமாவும் இருக்கு.”

அவள் பயந்தது சரி. காவல் நிலையத்து மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ‘எவர்மேலும் எனக்குச் சந்தேகமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன், அது உண்மை. செல்வகுமாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஆனால் தொல்லியல் அலுவலகம் நிறுத்தாது. 9ஆம் தேதி அதிகாரி வருகிறார். என்னைத்தான் நேரில் கேட்பார். சிலை எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வது? தெரியாது என்று சொல்ல நான் இந்த மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். பாதியிலேயே முகம் காட்டிக் கொடுக்கிறது. சொல்லிவிட்டால் அந்தப் பெண்கள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால், அந்தக் கார் திரும்பி வந்து ஒருநாள் போரைப் பிரித்தால், அந்தப் பாவமும் எனக்குத்தான்.

நீ நிம்மதியாக இருப்பாய், உன்னை யாரும் கேட்கப்போவதில்லை.

பத்மா


பவழந்துறை,
6.5.2025

பத்மா,

செல்வகுமாரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். “அவங்க எழுதுனா கையெழுத்து நல்லா இருக்குது” என்றான். அவ்வளவுதான். ஆனால் இன்று என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். தோப்பைப் பற்றியும் தானாகவே சொன்னான், வேங்கடேசனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

இன்று காலை போரிலிருந்து மாட்டுக்குக் கொடி உருவப் போனேன். கை உள்ளே போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பாய் இல்லை. மணல் ஈரமாக, நிரவி, மேலே கோலம் போடலாம் போல இருந்தது.

ரோஜா அடுப்படியில் இருந்தாள். அவள் முன் போய் நின்றேன்.

“எங்கடி?”

“எது அண்ணி?”

“விளையாடாதே.”

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். “ஞாயித்துக்கெழம அவங்க வந்துட்டுப் போனதும் பேசினோம். ரெண்டு பேரு மட்டும் தெரிஞ்சிக்கினா போதும்னு முடிவாச்சு. அந்த ரெண்டு பேருல நீங்களும் இல்ல, அவங்களும் இல்ல. நானும் இல்ல.”

“நீயும் இல்லையா?”

“எனக்கும் வேணாம்னுட்டேன். போலீஸு நாளைக்கு என்ன ஒக்கார வெச்சா?”

அவள் சொல்வது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவள் முகத்தைப் படிக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. சின்னக்கண்ணு அம்மாவைக் கேட்டேன், உப்பைப் பற்றிப் பேசினார்.

உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்குத் தெரியாது, பத்மா. நிஜமாகத் தெரியாது.

தையல்


திண்டிவனம்,
12.5.2025

அன்புள்ள தையல்,

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். மேட்டைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். கட்டுரையை மேசைமேல் வைத்து, “இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்களே டீச்சர், சிலை இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்றார்.

“தெரியாது” என்றேன்.

என் கண்ணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் முகத்தில் எதுவும் அசையவில்லை, அசைவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டார். கோப்பை இப்போதைக்கு நிறுத்தி வைப்பதாகவும், தகவல் கிடைத்தால் சொல்லும்படியும் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

உன் கடிதம் எட்டாம் தேதி மாலை வந்தது. ஒன்பதாம் தேதி அவர் வந்தார். ஒருநாள் தாமதித்திருந்தால் நான் கொடிப் போர் என்று சொல்லியிருப்பேன், அல்லது பொய் சொல்லி மாட்டியிருப்பேன்.

அதனால் எனக்கு ஒரு சந்தேகம். முகம் காட்டிக் கொடுக்கிறது என்று நான் எழுதிய கடிதம் உனக்கு இரண்டாம் தேதியே வந்திருக்கும். நீ அதைச் செல்வகுமாருக்கு மட்டும்தான் காட்டினாயா? ரோஜா தானாக முடிவெடுத்தாளா, இல்லை, நீ அவளிடம் போய், பத்மாவுக்குப் பொய் வராது, அவளுக்குத் தெரியாதபடி செய்துவிடு என்று சொன்னாயா? உனக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்காகவா?

இதற்கு மட்டும் பதில் எழுதாதே.

பத்மா